பெண்ணாடத்துக்குப் போன ஊறுகாய் ஜாடி

விசேஷத்துக்கு வந்தவர்கள் கையில் கொடுத்த தாம்பூலத்தைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. எந்தப் பக்கத்திலும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். நான் கேட்டேன். என் மகளுக்குக் காது குத்தியபோது வெற்றிலை பாக்கோடு ஒரு சின்னப் பீங்கான் ஊறுகாய் ஜாடியும் கொடுத்திருந்தோம். அந்த ஜாடிகளை வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கினேன். விருத்தாசலத்துக்குள் இருந்தவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துவிட்டன. வராமல் இருந்தது பெண்ணாடத்துக்குப் போன ஜாடி. அது என் நாத்தனார் வீட்டில் இருந்தது. அவள் தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். வாய்க்கு எதுவும் பிடிக்காமல், அந்த ஜாடியில் போட்டு வைத்த நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டுதான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஜாடியில் என்ன தவறு என்று சொல்வதற்கு முன் என் கணவரின் தொழிலைச் சொல்லியாக வேண்டும்.

அவர் டிவி மெக்கானிக்காக இருந்தவர். தட்டை டிவிகள் வந்த பிறகு பழைய டிவியைப் பழுது பார்க்கச் சொல்லி யாரும் வரவில்லை. ஏற்கெனவே கொடுத்திருந்தவர்களும் திரும்ப வாங்க வரவில்லை. ஃபோன் செய்தால் "நீங்களே வெச்சிக்கங்க" என்பார்கள். அப்படிக் கடையில் சேர்ந்தவற்றைப் பிரித்து, செம்பைத் தனியாகவும் பிளாஸ்டிக்கைத் தனியாகவும் விற்கத் தொடங்கினார். கொஞ்ச காலத்தில் அதுவே தொழிலாகிவிட்டது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் மூடிக் கிடந்த ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்தார். அடுத்த ஷெட் அவருடைய அண்ணனுடையது. அண்ணன் பீங்கான்காரர். ஜாடி, அகல் விளக்கு, சாமி பொம்மை எல்லாம் அவருடைய சூளையில் வேகும்.

எங்கள் ஷெட்டுக்கு வராத சாமான் இல்லை. தெருத்தெருவாகப் போகும் பழைய சாமான்காரர்கள் காயலான் கடையில் கொண்டுபோய்ப் போடுவார்கள். காயலான் கடைக்காரர்கள் இரும்பை வைத்துக்கொண்டு மற்றதை எங்களிடம் தள்ளுவார்கள். கம்ப்யூட்டர், செல்ஃபோன், மிக்சி, இன்வெர்ட்டர் என்று வரும். எல்லாவற்றையும்விட அதிகம் வந்தது அரசு இலவசமாகக் கொடுத்த டிவிதான். ஊர் ஊராக ஒன்றாக வந்தவை, ஒன்றாகவே கெட்டும் போயின. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கரும்பு டிராக்டரில் அடுக்கிக்கொண்டு வந்து இறக்கியிருக்கிறார்கள்.

ஒரு டிவியைப் பிரித்தால் அதில் உள்ள எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. மேல்கூட்டைப் பிளாஸ்டிக்காரர் எடுத்துக்கொள்வார். கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக்குப் போட்டி இருக்கும். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டை வாங்கிக்கொண்டு வடக்கே அனுப்புகிறவர் மாதம் தவறாமல் வந்துவிடுவார். பிக்சர் டியூபை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். அது கனமான கண்ணாடி, உருக்கி வேறு கண்ணாடி செய்ய முடியாது, பின்பக்கக் கூம்பில் காரீயம் கலந்திருக்கிறது. முன்பு புது டியூப் செய்ய அதையே வாங்கிக்கொண்டிருந்தார்களாம். இப்போது டியூபே யாரும் செய்வதில்லை. அனுமதி பெற்ற பெரிய கம்பெனிகளுக்கு என் கணவர் ஃபோன் செய்து பார்த்தார். லாரி நிறையச் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். டியூபை எடுத்துக்கொள்ள நாம்தான் பணம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

அவரும் அனுமதி வாங்க ஆசைப்பட்டவர்தான். நான்தான் விதிகளைப் படித்து அவருக்குத் தமிழில் சொன்னேன். தரை எப்படி இருக்க வேண்டும், புகையை இழுக்க என்ன இயந்திரம் வேண்டும், கழிவை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று வரிசையாக இருந்தன. ஒன்றுகூடத் தவறான விதி என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவை எங்களைப் போன்றவர்களை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. அத்தனையும் செய்தால் காயலான் கடைக்காரருக்கு நாங்கள் கொடுக்கும் விலை கட்டாது. அனுமதி இல்லாதவர் கூடுதலாகக் கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் என் கணவரும் அனுமதி இல்லாதவராகவே இருந்தார். திருட்டுத்தொழில் இல்லை, ஆனால் பெயர்ப்பலகை மாட்டிச் செய்யும் தொழிலும் இல்லை.

ஷெட்டின் பூட்டை ஒருமுறை யாரோ உடைத்துவிட்டார்கள். அதன் பிறகு விலை போகும் போர்டுகளை வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினார். பக்கவாட்டில் ஒட்டிக் கட்டிய ஒரு சின்ன அறை இருக்கிறது. அங்கே கேஸ் அடுப்பில் இரும்புத் தகட்டை வைத்து, அதன் மேல் போர்டைச் சூடாக்கி, பற்றவைத்த ஈயம் இளகியதும் சில்லுகளை இடுக்கியால் பிடுங்குவார். அடுத்த அறையில் மகள் விளையாடிக்கொண்டிருப்பாள். நான் நடுக்கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துணியைச் சுருட்டி வைப்பேன். நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள். ஈரத்துணி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று யோசித்திருக்க வேண்டியவள். யோசித்தால் அவரிடம் சொல்ல வேண்டியிருக்கும், சொன்னால் வேறு இடம் எங்கே என்று கேட்பார் என்பதால் அதற்கு மேல் போகாமல் இருந்தேன்.

பிக்சர் டியூபுகள் ஷெட்டுக்குப் பின்னால் குவிந்துகொண்டே போயின. மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தோம். காற்றில் தார்ப்பாய் விலகினால் சாம்பல் நிற முகங்களாக வரிசையில் தெரியும். ஏதாவது அதிகாரி வந்து பார்த்துவிடுவாரோ, ஏதாவது பிள்ளை உள்ளே புகுந்து காலைக் கிழித்துக்கொள்ளுமோ என்று எனக்கு ஒரே கவலை. அதனால் அந்தக் குவியல் மெல்லக் குறையத் தொடங்கியபோது நிம்மதியாக இருந்தது. மாமா கேட்டாராம் என்றார் என் கணவர். மாமா என்று நான் கூப்பிடுவது அவருடைய அண்ணனைத்தான். எதற்குக் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை. பின்பக்கத்துப் பள்ளத்தில் கொட்டி மேடு செய்கிறார்போல என்று நானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டேன். கண்ணை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

காதுகுத்துக்கு ஜாடிகளை மாமாதான் கொடுத்தார். பெரியப்பா செய்ய வேண்டியது என்று சொல்லிவிட்டார். உள்ளங்கையில் அடங்கும் ஜாடி, மூடியோடு, இலைப்பச்சை நிறத்தில். அப்படி ஒரு மினுமினுப்பை அவருடைய சூளையிலிருந்து வந்த எந்தச் சாமானிலும் நான் பார்த்ததில்லை. வந்தவர்கள் தாம்பூலப் பையைத் திறந்து பார்த்துவிட்டு, கடையில் வாங்கியதா என்று கேட்டார்கள். எங்கள் வீட்டுச் சாமான் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த வாரம் மாமாவின் மனைவி, என் ஓர்ப்படி, மீந்த ஜாடிகளைக் கொடுத்துவிட்டுப் போக வந்தார். சமையலறையில் நின்று டீ குடித்தபடி ஜாடிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. கிளேஸ் எங்கே வாங்கினீர்கள் அக்கா என்று கேட்டேன். பீங்கானுக்கு மேலே பூசும் பளபளப்புப் பூச்சை இங்கே கிளேஸ் என்றுதான் சொல்வார்கள்.

அவர் சிரித்தார். "எங்க வாங்கறது? அது விக்கிற வெலைக்கு வாங்க முடியுதா? எல்லாம் ஒங்க வூட்டு டியூப்புதான். ஒடச்சி அரவைல போட்டு மாவா அரைச்சி கிளேஸோட கலக்குறாரு. கொறஞ்ச சூட்டுலயே கண்ணாடி மாதிரி வந்துருது. தம்பி தூக்கிப் போடறத அண்ணன் காசாக்குறாருன்னு பேட்டையில பேசிக்கிறாங்களாம்."

அவர் போனதும் டியூபின் கூம்பில் இருக்கும் காரீயம்தான் என் ஞாபகத்துக்கு வந்தது. ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருக்கலாம், சூளையில் வெந்த பிறகு காரீயம் கண்ணாடிக்குள்ளேயே கட்டுப்பட்டுக் கிடக்கலாம், நல்ல பக்குவத்தில் செய்தால் அப்படித்தான் கிடக்கும் என்று படித்த ஞாபகமும் இருந்தது. ஆனால் மாமாவுக்கு அந்தப் பக்குவம் எப்படித் தெரியும்? ஒரு ஜாடியில் எலுமிச்சைச் சாற்றையும் இன்னொன்றில் வெறும் தண்ணீரையும் பாதி வரை ஊற்றி மூடி வைத்தேன். மறுநாள் மகளை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வந்து இரண்டையும் கழுவி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். தண்ணீர் இருந்தது அப்படியே மின்னியது. எலுமிச்சைச் சாறு இருந்ததில், சாறு நின்ற மட்டம் வரை பளபளப்பு மங்கி, விரலால் தடவினால் சொரசொரத்தது. பூச்சிலிருந்து போனது சாற்றில்தான் இருக்க வேண்டும். ஊறுகாய் ஜாடி. உப்பும் புளிப்பும் போட்டு மாதக்கணக்கில் வைப்பதற்கென்றே செய்து, நூறு வாழ்த்தோடு கையில் கொடுத்த ஜாடி.

அந்த ஜாடியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். என் கணவர் அதை வாங்கி உள்ளே விரலை விட்டுத் தடவிக்கொண்டே இருந்தார். "தரையில கொட்டி நெரவத்தான் அண்ணன் கேக்குதுன்னு நெனச்சேன்" என்றார். நானும் அதையே நினைத்தேன் என்று சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே தெரியாதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. என்னைப் போலவே அவரும் கேட்காமல் இருந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

மாமாவிடம் இருவருமாகப் போனோம். அவர் முதலில் சிரித்தார். "ஈயச் சொம்புல வெச்ச ரசத்த ஊத்தித் தின்னுதான் நாம வளந்தோம். யாருக்கு என்னா ஆச்சி?" என்றார். அந்தச் சொம்பில் இருப்பது வெள்ளீயம், இது காரீயம், இரண்டும் வேறு வேறு உலோகம், இது பிள்ளைகளின் மூளையைத் தொடும் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்து, "ஒம் பொண்டாட்டி கிளாஸ் எடுக்குது, கேட்டுக்கடா" என்றார். ஆனால் மங்கிய ஜாடியைக் கையில் வாங்கிய பிறகு அவர் முகம் மாறியது. அவர் பீங்கான்காரர். உரிந்த பூச்சைப் பார்த்தால் அவருக்குத் தெரியும். இனிமேல் டியூபைத் தொட மாட்டேன் என்றார். அரைத்து வைத்திருந்ததைத் தனியாக மூட்டை கட்டினார். ஜாடிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் சம்மதித்தார். காரணத்தை மட்டும் வெளியே சொல்லக் கூடாது என்றார். கார்த்திகைக்கு அகல் விளக்கு ஆர்டர் வரும் நேரம், ஒரு ஷெட்டின் பெயர் கெட்டால் பேட்டையில் உள்ள எல்லாருக்கும் கெடும், டியூபைத் தொடாதவர்களும் சேர்ந்து படுத்துவிடுவார்கள் என்றார். அதுவும் உண்மைதான். அவர் சொன்னதில் தப்பைக் கண்டுபிடிக்க நான் முயற்சி செய்யவில்லை. பூச்சு சரியாக வேகவில்லை, உரிகிறது, அதனால் மாற்றிக் கொடுக்கிறோம் என்று சொல்வதாக முடிவானது. மாற்றாக எவர்சில்வர் டப்பா வாங்கினோம்.

வீடு வீடாகப் போனதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. ஒரு வீட்டில் ஜாடியில் குங்குமம் இருந்தது. ஒரு வீட்டில் ஷோகேஸில் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். சில வீடுகளில் பைக்குள்ளேயே கிடந்தது. ஊறுகாய் போட்டிருந்த வீடுகளில், உரிந்த பூச்சு கலந்திருக்கும், அதைக் கொட்டிவிடுங்கள் என்று கெஞ்சினேன். என் கணவரின் சித்தி முறையில் ஒருவர் ஜாடியைக் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டு, "குடுத்தத கேட்டு வாங்கறத இப்பத்தான் பாக்குறேன். நாங்க வெச்ச மொய்யையும் திருப்பிக் குடுத்துருவீங்களா?" என்றார். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டு போகட்டும், உண்மையைவிட அது மேல் என்று எனக்குத் தோன்றியதுதான் இப்போது நினைக்கும்போது கூசுகிறது.

நாத்தனாருக்கு முதலில் ஃபோனில்தான் சொன்னேன். மற்றவர்களிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னேன். அவள் என் கணவருக்குத் தங்கை, என்னைவிடச் சின்னவள், எதற்கும் சிரிக்கிறவள்.

"உரிஞ்சா உரியட்டும் அண்ணி, நான் என்னா கண்காட்சிக்கா வெச்சிருக்கறேன்? அதுல போட்டதுலேர்ந்து நார்த்தங்கா கசப்பே தெரியல. லேசா இனிப்பாக்கூட இருக்குது" என்றாள்.

கசப்பு தெரியாததும் இனிப்பும் காய் பழுத்திருந்ததால் இருக்கலாம். காரீய உப்புகள் இனிக்கும் என்று படித்ததும் எனக்கு அந்த நிமிடமே ஞாபகம் வந்தது. இருந்தும் அப்போது நான் உண்மையைச் சொல்லவில்லை. நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மகளுக்குச் சளி, நடுவில் ஒரு கல்யாணம் என்று ஒருநாள் இரண்டு நாளாகத் தள்ளிப்போனது. அத்தனை நாளும் அவள் அதைச் சாப்பிட்டாள்.

கடைசியில் எவர்சில்வர் டப்பாவையும் கொஞ்சம் மாதுளம்பழத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பெண்ணாடத்தில் அவள் வீடு சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. அவள் கணவர் ஆலையில் வேலை செய்கிறார். அவளுடைய மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். உட்கார்ந்ததும் வளைகாப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். என் மாமனார் மாமியார் இப்போது இல்லை. அவர்கள் இருந்த வீட்டில் நாங்கள்தான் இருக்கிறோம், அதனால் தாய்வீடு என்றால் எங்கள் வீடுதான். எந்த அறையில் தன்னைப் படுக்க வைக்கப் போகிறேன் என்று நாத்தனார் கேட்டாள். காற்று வருகிற அறைதான் வேண்டும் என்றாள். காற்று வருகிற அறை, அவர் போர்டு சூடாக்கும் அறையை ஒட்டியது. பார்க்கலாம் என்று முனகினேன்.

பிறகு டப்பாவை எடுத்து வைத்து ஜாடியைக் கேட்டேன். அவள் தர மாட்டேன் என்று சின்னப் பிள்ளைபோல் தலையை ஆட்டினாள். அத்தைதான் பேசினார். அவர் குரலில் கோபமே இல்லை.

"மாசமா இருக்கிற பொண்ணு வூட்டுலேர்ந்து ஒரு பொருள எடுத்துட்டுப் போவக் கூடாதும்மா. அதுவும் காதுகுத்துல குடுத்தது. உரிஞ்சாலும் பரவால்ல, இங்கியே கெடக்கட்டும். டப்பா குடுக்கணும்னு ஆசப்பட்டா அதையும் குடுத்துட்டுப் போ."

அவர் சொன்னது நியாயம். பூச்சு உரிகிறது என்ற காரணத்துக்காக யாரும் அப்படி ஒரு பொருளைத் திருப்பித் தர மாட்டார்கள். நானும் தந்திருக்க மாட்டேன். சமையலறை மேடையில் ஜாடி இருந்தது. மூடிக்கு மேல் ஒரு மரக்கரண்டி. மாமாவின் அகல் விளக்குகள், பேட்டையின் பெயர், என் கணவர் தங்கை முன் எப்படி நிற்பார் என்பது எல்லாம் ஒரே நேரத்தில் மனதில் வந்தன. அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பூச்சு உரியறதுனால கேக்கல" என்றேன். "அதுல பழைய டிவி கண்ணாடியப் பொடி பண்ணிக் கலந்திருக்குது. அந்தக் கண்ணாடியில காரீயம் இருக்குது. புளிப்பு பட்டா அது ஊறுகாயில எறங்கும். அது வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஆவாது. இனிமே அத வாயில வெக்காதம்மா."

அத்தை எழுந்து போய் ஜாடியை ஒரு பழைய துணியால் பிடித்து எடுத்து, பின்கட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கையைக் கழுவினார். நாத்தனார் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு ஃபோன் பண்ணப்பவே ஒங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். அத்தைதான் ஜாடியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி என்னிடம் கொடுத்து, எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும், என்ன பரிசோதனை என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். டப்பாவை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. பையில் ஜாடியும் டப்பாவும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன.

ரத்தத்தை எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. வந்த முடிவை அவள் கணவர்தான் ஃபோனில் சொன்னார். காரீயம் இருக்கிறது, பயப்படும் அளவுக்கு இல்லை, சத்து மாத்திரைகளை விடாமல் சாப்பிட வேண்டும், இனிமேல் உடம்பில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கொஞ்ச நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாராம். ஃபோனை வைத்துவிட்டு என் கணவர் வாசலில் போய் நின்றுகொண்டார். இனிமேல் உடம்பில் ஏறாமல் என்ற சொல்லை நாங்கள் இருவருமே கேட்டோம். பிரசவத்துக்கு அவள் வர வேண்டியது எங்கள் வீட்டுக்கு.

அதன் பிறகு ஜாடி வாங்கிய வீடுகளுக்கெல்லாம் இரண்டாம் முறை போனேன். இந்த முறை உண்மையைச் சொன்னேன். மொய்யைப் பற்றிக் கேட்ட சித்தி, கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டு, உள்ளே வா என்று சொல்லாமல் நின்றார். செய்தி பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. மாமாவுக்கு அகல் ஆர்டர் வரவில்லை. டியூபைத் தொடாத வேறு சிலருக்கும் குறைந்தது என்று கேள்விப்பட்டேன். அவர்களை வழியில் பார்த்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன். அண்ணனும் தம்பியும் காலையில் பக்கத்துப் பக்கத்து ஷெட்டை ஒரே நேரத்தில் திறக்கிறார்கள், பேசிக்கொள்வதில்லை.

நாத்தனார் ஒருநாள் அவளாகவே எனக்கு ஃபோன் செய்தாள். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வர மாட்டேன் என்றாள். அவள் டாக்டரம்மாவிடம் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்: அண்ணன் போர்டைச் சூடாக்குவது, பக்கத்து அறை, எல்லாம். அங்கே போகவே கூடாது என்று அவர் சொல்லிவிட்டாராம். வரச் சொல்லி நான் ஒருமுறைகூட வற்புறுத்தவில்லை. வேண்டாம், வராதே என்று நானே முந்திச் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை பெறத் தாய்வீட்டுக்குப் போகாத பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பேச்சையும் அவள் தலையில் ஏற்றிவிட்டேன்.

வைப்பதற்கு முன் கேட்டாள். "பாப்பாவுக்கு ரத்தம் பாத்தீங்களா அண்ணி?"

பார்க்கவில்லை. ஊரெல்லாம் ஓடி ஜாடி வாங்கிய நான் என் மகளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. சளி விடட்டும் என்று இருந்தேன், அவளுக்கு ஊசி என்றால் பயம் என்று இருந்தேன். அவள் எங்கள் ஜாடியில் எதையும் சாப்பிடவில்லை என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த முடிவைக் கையில் வாங்கப் பயமாக இருந்தது. நாத்தனார் தனக்கு மறுபரிசோதனை இருந்த அதே நாளில் மகளை அழைத்துக்கொண்டு வரச் சொன்னாள். நாங்கள் மூவருமாகப் போனோம். ரத்தம் எடுக்க ஊசி குத்தியபோது மகள் என்னை விட்டுவிட்டு நாத்தனாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நாத்தனாருக்குக் குறைந்திருந்தது. என் மகளுக்கு அவளைவிட அதிகமாக இருந்தது. ஜாடியால் இல்லை. வீட்டால். டாக்டரம்மா திட்டவில்லை, திட்டியிருக்கலாம். வீட்டில் அந்த வேலை இருக்கும்வரை, அதன் காரீயத் தூசு போகும்வரை பிள்ளையை வேறு இடத்தில் வையுங்கள் என்றார். வேலைக்குப் போட்ட துணியோடு தூக்காதீர்கள் என்றார்.

வேறு இடம் என்று எங்களுக்கு எதுவும் இல்லை. என் பிறந்த வீட்டில் அம்மா படுக்கையில் இருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது நாத்தனார் சொன்னாள், "பாப்பா எங்கூட இருக்கட்டும் அண்ணி. நான்தான் அங்க வரல, அவ இங்க வரட்டும்." அதில் குத்தல் இருந்ததா என்று பல நாள் யோசித்தேன். இருந்திருந்தாலும் நியாயம்தான்.

இப்போது என் மகள் பெண்ணாடத்தில் இருக்கிறாள். அவளுக்குத் துணிகளைப் புதிதாக வாங்கிக் கொடுத்தோம், இங்கிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை. என் கணவர் வீட்டில் போர்டைத் தொடுவதில்லை. பக்க அறையைச் சுரண்டி, கழுவி, கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் டிரம்மில் பிடித்து வைத்திருக்கிறோம். டிவி எடுப்பதையும் நிறுத்திவிட்டார். ஆனாலும் காலையில் ஷெட் வாசலில் யாராவது ஒரு டிவியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. மீதிப் பிக்சர் டியூபுகளும் மாமா கட்டி வைத்த மூட்டையும் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. வேறு தொழில் தேடுகிறார். அது கிடைக்கும்வரை செம்பும் ஒயரும் ஷெட்டிலேயே பிரிக்கிறார்.

சனிக்கிழமைகளில் நான் பெண்ணாடம் போகிறேன். முதல் முறை போனபோது மகள் வாசலிலிருந்து ஓடி வந்தாள். நாத்தனார் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து, அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். எனக்கு ஒரு துண்டையும் தன்னுடைய நைட்டி ஒன்றையும் எடுத்து நீட்டினாள்.

"குளிச்சிட்டு வந்து தூக்குங்க அண்ணி" என்றாள்.

வாங்கிக்கொண்டு போனேன். தலைக்கும் ஊற்றிக்கொண்டேன். கதவுக்கு வெளியே மகள் நின்றுகொண்டு, அம்மா முடிஞ்சிதா, அம்மா முடிஞ்சிதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்னும் கொஞ்சம்டா என்று சொல்லிவிட்டு, நகக்கண்களில் இன்னொரு முறை சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.